நம்ம சங்கத்தோட 2025 ஆண்டறிக்கை: மலாக்கா, போர்ட்டிக்சன் குடும்பப் பயணம்

எல்லாருக்கும் வணக்கம். போன ஜனவரில நீங்க எல்லாரும் சேந்து என்னைய செயலாளரா ஆக்குனீங்க, அதுலேந்து இன்னிக்கு வரைக்கும் நடந்தத எழுதியிருக்கேன். பொதுக்கூட்டத்துக்கு வர முடியாதவங்களும் வாட்ஸ்அப்ல படிப்பீங்க, அதனால பேசுற மாதிரியே எழுதிட்டேன், பெரியவங்க பொறுத்துக்கணும்.

கமிட்டி ஆறு தடவ கூடுச்சு, எல்லாமே புளோக்குக்குக் கீழ இருக்கிற தெறந்த எடம், வாய்ட் டெக்லதான். பொங்கல் நல்லபடியா முடிஞ்சுச்சு, தீபாவளி விருந்துக்கு நெனச்சதவிட கூட்டம் வந்து சாப்பாடு கடைசில கொஞ்சம் பத்தல. பிள்ளைங்க டியூஷன் ஜூலையோட நின்னு போச்சு, சொல்லிக்குடுத்த தம்பி நைட் ஷிஃப்ட்டுக்கு மாறிட்டார், வேற ஆள் கெடச்சா உடனே ஆரம்பிச்சிடலாம். வரவு செலவ பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க.

இப்ப மார்ச் ஸ்கூல் லீவுல போன பயணத்தப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கமிட்டில அதிகமா வாக்குவாதம் நடந்தது இதுக்குத்தான். பாதிப் பேர் சிங்கப்பூர்லேந்து பாலம் தாண்டினதும் இருக்கிற ஜொகூர்லயே ஒரு தண்ணி பார்க் போயிட்டு சாயங்காலமே திரும்பிடலாம்னாங்க, எனக்கு அதுல மனசு ஒப்பல, தண்ணி பார்க் போனா பிள்ளைங்க தண்ணிக்குள்ள, அப்பா அம்மா போனுக்குள்ள, தாத்தா பாட்டி பைய பாத்துக்கிட்டு ஒரு ஓரத்துல, மூணு தலைமுறையும் ஒண்ணா நின்னு பாக்குற மாதிரி ஒரு எடம் வேணும்னு நான் பிடிவாதமா நின்னேன். கடைசில மூணு நாள், 36 பேர், மலேசியாவுல மலாக்காவும் போர்ட்டிக்சனும்னு முடிவாச்சு.

காலைல அஞ்சரைக்கு பஸ் கெளம்புச்சு. இரண்டாம் பாலம் வழியா போனா சீக்கிரம்னு கணக்குப் போட்டோம், லீவு நாள்ல எல்லாரும் அதே கணக்கத்தான் போட்டிருக்காங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல நகரவே இல்ல. பாட்டிங்க கட்டிட்டு வந்த இட்லியும் பொடியும் அங்கயே காலி. மலாக்காவுல எறங்குறப்ப மத்தியானம் ஆயிடுச்சு.

கோட்டை கோட்டைன்னு சொல்லி பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனா அங்க நிக்கிறது ஒரே ஒரு வாசல்தான், போர்த்துகீசியர் 1511ல ஊரப் பிடிச்சுக் கட்டுன கோட்டையில அது மட்டும்தான் மிச்சம். மத்ததெல்லாம் எங்க அங்கிள்னு ஒரு பையன் கேட்டான். அத இடிச்சவர் பேர் இவங்க ஸ்கூல்ல படிக்கிற பேர்தான், வில்லியம் ஃபார்குவார், 1819ல சிங்கப்பூருக்கு முதல் ரெசிடெண்டா, அதாவது பிரிட்டிஷ் நிர்வாகத் தலைவரா வந்தவர், அதுக்கு 12 வருஷம் முன்னால 1807ல மலாக்காவுல இருந்தப்ப மேலிடத்து உத்தரவுப்படி வெடி வச்சு இதத் தகர்த்தார். அத முன்ஷி அப்துல்லா சின்னப் பிள்ளையா இருந்தப்ப பாத்திருக்கார், யானை அளவு கல்லும் வீடு அளவு கல்லும் பறந்து கடல்ல விழுந்துச்சுன்னு பின்னால எழுதி வச்சிருக்கார். அவர் மலாக்காவுலயே பொறந்தவர், சிங்கப்பூர்ல பிரிட்டிஷ் குடியேற்றத்த ஆரம்பிச்ச ராஃபிள்ஸ்கிட்ட எழுத்தரா இருந்தவர், அவரோட அப்பா அவரத் தமிழ் படிக்க அனுப்பியிருக்கார், ஏன்னா மலாக்காவுல வசதியான வீட்டுப் பிள்ளைங்கள தமிழ் படிக்க வைக்கிறது அந்தக் காலத்து வழக்கம், கணக்கு வழக்கு பாக்க தமிழ் தேவைப்பட்டுச்சு. இத நான் பஸ் மைக்ல சொன்னதும் ஒரு அம்மா, தம்பி இன்னொரு தடவ சொல்லுங்க, எங்க பொண்ணு காதுல இயர்ஃபோன் மாட்டியிருந்தாங்கறாங்க, நானும் மறுபடி முழுசா சொன்னேன்.

சாயங்காலம் பொய்யாத விநாயகர் கோயில், 1781ல கட்டுனது. அதே தெருவுல 1748ல எழும்பின பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில், நடக்க முடியாதவங்களாலயும் மூணையும் பாக்க முடிஞ்சுச்சு. ராத்திரி ஹோட்டல்லதான் மனசு கஷ்டமாயிடுச்சு. பெரியவங்களுக்குக் கீழ் மாடி ரூம் வேணும்னு ரெண்டு மாசம் முன்னாலயே சொல்லி, சரின்னு சொல்லிட்டு, நாலாவது மாடி குடுத்தாங்க, லிஃப்ட் வேற வேல செய்யல. நம்ம பசங்க நாலு பேர் 81 வயசு தாத்தாவ வீல்சேரோட தூக்கிக்கிட்டு ஏறுனாங்க. அந்தப் பசங்களுக்கு இந்தக் கூட்டத்துல எல்லாரும் கை தட்டணும். எழுத்துல வாங்காம விட்டது என் தப்பு, இனிமே வாங்கிடுவேன்.

ரெண்டாவது நாள் காலைல மலாக்காவுல காஜா பெராங்ல இருக்கிற கம்போங் சிட்டி, அதாவது செட்டிங்க கிராமம். இதுக்காகவே நான் இந்தப் பயணத்தக் கேட்டேன்னு கூட சொல்லலாம். சுல்தான் காலத்துல யாவாரத்துக்கு வந்த தமிழங்க இங்க கல்யாணம் பண்ணி தங்கிட்டாங்க, அவங்க வம்சம்தான் மலாக்கா செட்டிங்க. நகரத்தார் செட்டியார் வேற, இவங்க வேற, பலர் கொழப்பிக்கிறாங்க. வீட்டுல பேசுறது மலாய், அதுல தமிழ் வார்த்த கலந்திருக்கும், கட்டுறது மலாய்ப் பாணி உடுப்பு சாரோங் கெபாயா, கும்புடுறது மாரியம்மன். அம்மன் திருவிழாவுக்குப் பேரே டத்தோ சாச்சார், சாச்சார்னா அம்மை. பொங்கலுக்கு மொத நாள் போகி அன்னிக்கு எலையில சோறு கறியெல்லாம் போட்டு முன்னோருக்குப் படைப்பாங்க, அதுக்குப் பேரு பார்ச்சு.

ஒரு வீட்டு வாசல்ல கெபாயா கட்டி நெத்தில விபூதி பூசி ஒரு பாட்டி ஒக்காந்திருந்தாங்க, நம்ம அஞ்சாவது மாடி பாட்டியப் பாத்ததும் சுடா மாக்கான், சாப்டாச்சான்னு மலாய்ல கேட்டாங்க. நம்ம பாட்டிக்கு தேக்கா மார்க்கெட்ல பேசுற மலாய் போதும், சுடா சுடான்னு பக்கத்துலயே ஒக்காந்துட்டாங்க, சாம்பார் எப்படி வைப்பீங்கன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம். பிள்ளைங்க சுத்தி நின்னு பாத்துச்சுங்க. நம்மள மாதிரியே சாமி கும்புடுறாங்க, ஆனா ஏன் தமிழ் பேசலன்னு கேட்டுக்கிட்டே பஸ் ஏறுச்சுங்க, வழி பூரா அதே பேச்சுதான்.

போர்ட்டிக்சன்ல தெலுக் கெமாங் கடற்கரை. மலாக்கா நீரிணை அமைதியான தண்ணி, வத்தம் வந்தா ரொம்ப தூரம் மணல் தெரியும், சின்னதுங்க நண்டு வளை தோண்டி ஒக்காந்திருச்சுங்க. நோன்பு மாசம்ங்கறதால பகல்ல நெறைய கடை அடைப்பு, இத நான் முன்கூட்டியே யோசிச்சிருக்கணும், ஆனா சாயங்காலம் ரமலான் பசார்ல எல்லாரும் நல்லா சாப்டோம். நம்ம பஸ் டிரைவர் அண்ணன் நாள் பூரா நோன்பு, நேரம் ஆனதும் பேரீச்சம்பழத்த அவர்கிட்ட குடுத்துட்டுத்தான் நாங்க கை வச்சோம்.

மூணாவது நாள் தஞ்சோங் துவான். போர்ட்டிக்சன் நெகிரி செம்பிலான்ல இருக்கு, ஆனா இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். காட்டுக்கு நடுவுல ஏத்தமான ரோடு, மேல 1860கள்ல கட்டுன கலங்கரை விளக்கம், எதிர்ல சுமத்ரா, நீரிணை குறுகலா ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான். பிப்ரவரிலேந்து ஏப்ரல் வரைக்கும் தேன்பருந்துங்க வடக்க திரும்புறப்ப இதே எடத்துலதான் கடலத் தாண்டுது. வெயில்ல சூடாகி மேல எழும்புற காத்தப் பிடிச்சுத்தான் அது றெக்க அடிக்காம மெதக்கும், கடல் மேல அந்தக் காத்து கெடைக்காது, அதனால குறுகலான எடமா பாத்துக் கடக்குது. பத்தர மணி வாக்குல மொதல்ல ஒண்ணு, அப்புறம் ஏழெட்டு, களைச்சுப் போயி மரத்த ஒட்டி தாழ வந்துச்சு, றெக்கையில இருக்கிற கோடு கூட கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. இருந்தது ஒரே ஒரு பைனாகுலர், கை மாறி கை மாறி போச்சு. கீழயே இருக்கேன்னு சொன்ன தாத்தாவையும் பசங்க மேல தள்ளிட்டு வந்துட்டாங்க, அவர் வெரல் மடிச்சு 23 வரைக்கும் எண்ணினார், அவர் எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் கெளம்பல.

நேரம் ஆனதால போர்ட்டிக்சன் பக்கத்துல ராஜா ஜுமாட் 1847ல கட்டுன லூகுட் கோட்டைய விட்டுட்டோம், எனக்கு அது கொறதான். இனிமே ஒரு நாளைக்கு ஒரு பெரிய எடம், மத்த நேரம் ஒக்காந்து பேச, பிள்ளைங்க ஆட, அப்படியே வச்சுக்கலாம்னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்திருக்கேன்.

2026க்கு ஒரு முடிவு எடுக்கணும். மார்ச் லீவுல நோன்புப் பெருநாள் வருது, ரோடு பூரா ஊருக்குப் போற வண்டியா இருக்கும், அப்ப போறது வேணாம். பருந்து மறுபடி பாக்கணும்னா ஏப்ரல் 3 புனித வெள்ளி வாரக் கடைசி இருக்கு, லூகுட்டையும் சேத்துக்கலாம். பினாங்குதான் வேணும்னா ஜூன் லீவு. இன்னிக்கு கை தூக்கி சொல்லிடுங்க, ஏப்ரல்னா ஆளுக்கு 50 வெள்ளி முன்பணம் இந்த மாசக் கடைசிக்குள்ள பொருளாளர் அக்காகிட்ட குடுக்கணும், வீல்சேர் உள்ளவங்க பேரு குடுக்குறப்பவே சொல்லிடுங்க.

செயலாளர்