தம்பிக்கு, அந்த மூன்று ட்ரக்குகள் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

பனி தள்ளும் வேலைக்கு வாங்கலாமா என்று நீ அனுப்பிய மூன்று ட்ரக் படங்களையும் நேற்று இரவு ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதைத்தே சொல்லலாம்தான், ஆனால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றபடி வேறு வேலை பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். வண்டி பார்க்கப் போகும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

முதலாவது எஃப்-150ஐ விட்டுவிடு. வடிவான வண்டிதான், ஆனால் ஹாஃப் டன், பாரம் தாங்குகிற வகைகளில் மெல்லியது. கடைத்தொகுதிப் பிளாசா வேலைக்குப் போடுகிற எட்டு அடி ப்ளவ், அதுதான் முன்னால் பூட்டுகிற பனி தள்ளும் தகடு, 700, 800 இறாத்தல் வரும். அது முன் சக்கரங்களின் அச்சான முன் அக்ஸிலுக்கு மேலே இருப்பதில்லை, அதற்கும் முன்னால் நீட்டிக்கொண்டு தொங்குகிறது. தூக்கினால் பின்பக்கம் இலேசாகி, ப்ளவின் எடையை விடக் கூடுதலான பாரம் முன் அக்ஸிலில் இறங்கும். சாரதிக் கதவைத் திறந்தால் பக்கத்தில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். முன் அக்ஸில் எவ்வளவு தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். அப்பப்பா மாடு வாங்கப் போனால் முதலில் பல்லைத்தான் பிடித்துப் பார்ப்பார். உனக்கு அந்த ஸ்ரிக்கர்தான் பல்லு. ஹாஃப் டன்னுக்கென்றும் மெல்லிய ப்ளவுகள் இருக்கின்றன, சொந்த வீட்டு டிரைவ்வேக்குப் போதும். உனக்கு ஆகக் குறைந்தது அடுத்த வகையான முக்கால் டன் வேண்டும்.

இரண்டாவது 2006 சில்வராடோ 2500, அது முக்கால் டன்தான். ப்ளவோடு சேர்த்தே விற்கிறார்கள். "90,000 கிலோமீற்றர்தான் அப்பா" என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாய். ப்ளவ் அடிக்கிற வண்டி எங்கே ஓடுகிறது? ஒரு பார்க்கிங் லொட்டுக்குள்ளேயே இரவு முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருகிறது. மீற்றரில் இருபது கிலோமீற்றர் ஏறுவதற்குள் கியர் நூற்றுக்கணக்கான தடவை மாறியிருக்கும். கிலோமீற்றரை விடு, எத்தனை மாரி ப்ளவ் அடித்தது, யார் ஓட்டினார்கள் என்று கேள். முதலாளியே ஓட்டின வண்டி வேறு, மணித்தியாலச் சம்பளத்துக்கு வந்த பெடியன்கள் ஓட்டின வண்டி வேறு.

அந்த 6 லிட்டர் பெற்றோல் எஞ்சினை நான் குறை சொல்ல மாட்டேன். பார்த்து வைத்திருந்தால் இன்னும் கனகாலம் ஓடும். குளொவ் பெட்டிக்குள் எழுத்துகளும் எண்களுமாக ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். அதில் வி-வை-யூ (VYU) என்று மூன்று எழுத்து இருந்தால், கம்பனியே ப்ளவுக்கென்று தயார்செய்து விட்ட வண்டி. அது நல்ல செய்தி. பிறந்த நாளிலிருந்து ப்ளவே அடித்திருக்கும் என்பது மற்றச் செய்தி.

எனக்கு இந்தப் புத்தி காசு கொடுத்து வந்தது. 1999 ஜனவரியில் ரொறொன்ரோவில் பனி கொட்டி, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டாரே, அந்தக் கிழமைதான் முதல் ட்ரக்கை வாங்கினேன். ப்ளவ் போட்ட எதையும் கேட்ட விலைக்கு விற்கலாம் என்ற நேரம். அடிப்பக்கம் புதுக் கறுப்புப் பெயின்ற் பளபளத்தது. நல்லாய் வைத்திருக்கிறான் மனுசன் என்று நினைத்தேன். அடுத்த மாரியில் ஒரு விடியற்காலை நாலு மணிக்கு, ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் அப்படியே தரை வரைக்கும் போனது. பிரேக் லைன் கறள் பிடித்து வெடித்திருந்தது. நானே குவித்து வைத்த பனிமேடு முன்னால் இருந்ததால் தப்பினேன். அதற்கு அந்தப் பக்கம் கடையொன்றின் கண்ணாடிச் சுவர். அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஆகவே அடிப்பக்கம் புதுப் பெயின்றைக் கண்டால் சந்தோஷப்படாமல் சுத்தியலை எடு. இந்த நாட்டில் பழைய ட்ரக்கை எஞ்சின் கொல்வதில்லை, றோட்டு உப்புத்தான் கொல்கிறது. வண்டியின் முதுகெலும்பான இரும்பு ஃபிரேமை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீர் என்னும், உக்கினது தொம் என்னும். பின் சக்கரத்துக்கு மேல் ஃபிரேம் வளைகிற இடம், ஸ்பிரிங் கொழுவியிருக்கிற கொக்கி, ப்ளவ் மவுண்ட் பூட்டின போல்ற்றுகளைச் சுற்றிய இடம், இவற்றில் நேரம் எடு. பிரேக் லைனிலும் பெற்றோல் லைனிலும் விரலை ஓட்டு. செதில் செதிலாக வந்தால் அதன் விலையைக் குறைத்துக் கேள். ஃபிரேமே செதிலாக வந்தால் விலை கேட்காமல் வீட்டுக்கு வா. கதவின் கீழ்விளிம்பு ஓட்டை பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

அப்புறம் முன்பக்கத்தை ஜாக் போட்டுத் தூக்கி ரயரை ஆட்டு. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் சக்கரத்தைத் தாங்குகிற போல் ஜொயின்ற் தேய்ந்திருக்கிறது, இடமும் வலமும் ஆடினால் சக்கரத்தைத் திருப்புகிற ரை றொட். ஓட்டிப் பார்க்கும்போது ரிவேர்ஸிலிருந்து டிரைவுக்குப் பத்துத் தடவை மாற்று, ஒவ்வொரு முறையும் வண்டி நின்ற பிறகுதான். தாமதித்துப் பிடித்தாலோ டங்கென்று அடித்தாலோ டிரான்ஸ்மிஷன் களைத்துவிட்டது. அதன் எண்ணெயை மணந்து பார், கருகின மணம் வரக்கூடாது. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீலைப் புல்லிலோ கிரவலிலோ போட்டுப் பார். காய்ந்த தார் றோட்டில் போட்டுத் திருப்பாதே.

சரி, மூன்றாவது. ஒறேஞ்ச்வில் பக்கத்து விவசாயியின் 2009 ராம் 2500. 2,10,000 கிலோமீற்றர், குதிரை ட்ரெயிலர் இழுத்தது, ப்ளவ் பூட்டினதே இல்லை. நீ இதைக் கடைசியில் போட்டிருந்தாய். என் மனம் இதில்தான் நிற்கிறது. முன் அக்ஸில் ஒரே தண்டு, பாரத்துக்கு நல்லது. ட்ரெயிலர் இழுத்ததால் டிரான்ஸ்மிஷனை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பழைய ப்ளவ் ஒன்றைத் தனியாகத் தேடலாம். ஆனால் மவுண்டும் வயரிங்கும் அந்த மொடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்த வேண்டும். மலிவாகக் கிடைத்த ப்ளவுக்கு மவுண்ட் வாங்கியே ஆட்கள் காசை விட்டிருக்கிறார்கள். ப்ளவைத் தூக்குகிற பம்ப் மோட்டர் கரண்டை உறிஞ்சும், ஆகவே பற்றரியும் ஆல்டர்னேற்றரும் திறமாக இருக்க வேண்டும். முன்பாரத்தைச் சமப்படுத்தப் பின்னால் ரெயில்கேற் கதவு ஓரமாக மணல் மூட்டை போட வேண்டும், அதெல்லாம் பிறகு.

பேப்பர் வேலையில் உன்னை விட நான் கெட்டிக்காரன் இல்லை. விற்கிறவர் ஒன்ராறியோ யூஸ்ட் வெஹிகிள் இன்ஃபர்மேஷன் பக்கேஜ் என்கிற வண்டி விபரக் கட்டைத் தர வேண்டும், வண்டியில் கடன் இருந்தால் அதில் தெரியும். விலைக்கு மேல் 13 வீத வரியையும் கணக்கில் வை. இன்சூரன்ஸுக்குக் கூலிக்கு ப்ளவ் அடிக்கப் போகிறேன் என்று உண்மையைச் சொல். வண்டியும் ப்ளவும் பாரமும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் சிவிஓஆர் என்று இன்னொரு பதிவு இருக்கிறது, அதையும் விசாரி.

இப்போது செப்டெம்பர்தான். முதல் பனி விழுந்தால் விலை ஏறும் என்று விற்கிறவர் சொல்வார், அது உண்மையும்தான். அதற்காக இந்தக் கிழமையே அட்வான்ஸ் கட்டாதே. சனிக்கிழமை நான் பாரி (Barrie) நகரத்துக்கு வருகிறேன், ஜாக்கும் சுத்தியலும் என்னிடம் இருக்கின்றன. ஒறேஞ்ச்வில்காரரிடம் மட்டும் ஒன்று சொல்லிவை: நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்ரார்ட் ஆகிறது என்று பார்க்க வேண்டும். பொனற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் நான் வணக்கம் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா