வாசகர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினொரு கூட்டம் நடத்தினோம். டிசம்பரில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் ஒரு கூட்டம் தவறியது. வழக்கமான இடத்தைத் திடீரென்று தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கூட்டங்களை ராயபுரத்தில் உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நடத்தினோம். அவருக்கு மன்றத்தின் நன்றி.

வெள்ளைக்காரன் ஆட்சியைப் பற்றி விடுதலைக்குப் பிறகு வந்த நாவல்களை மட்டும் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அதில் மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டது 2013-ல் வெளிவந்த ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’. தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78) சென்னையில் ஐஸ் கட்டிகளைச் சேமித்துவைத்த ஐஸ் ஹவுஸின் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம்தான் கதை. அதைப் பார்ப்பவன் ஓர் அயர்லாந்துக்காரன். அவன் ஊரும் அதே ஆட்சிக்குக் கீழேதான் இருந்தது.

மார்ச் கூட்டத்தை மறக்க முடியாது. 1877 தொடக்கத்தில் அரசின் பஞ்ச வேலைக்கு வந்த ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வுபெற்ற நம் உறுப்பினர், 450 கிராம் அரிசியைத் துணிப்பையில் கட்டி எடுத்துவந்து மேஜையில் வைத்தார். பையை ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்த்தோம். ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு இதுதான் சாப்பாடு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் 1877–78-ல் அப்படிப் பஞ்ச வேலையாக வெட்டியது. ஸ்டான்லியை ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியதால் வந்த பேர்தான். ஆனால் அது இன்னும் பழைய பஞ்சம், 1782.

அப்புறம் ‘எரியும் பனிக்காடு’. தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இரா. முருகவேள். துரையின் கொடுமையைவிட, நம் ஆளே கங்காணியாக வந்து முன்பணம் நீட்டி மலைக்குக் கூட்டிப்போவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ‘வெள்ளை யானை’யிலும் இதேதான். தலித் தொழிலாளர்கள் அடிபடும்போது மற்ற சாதிக்காரர்கள் சும்மா இருக்கிறார்கள். வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு மூடிவைக்கக்கூடிய புத்தகங்கள் இல்லை இவை. “தோத்துப்போன போராட்டத்தை ஏன் படிக்கணும்?” என்று ஒரு தம்பி கேட்டார். அடங்கிப்போனார்கள் என்றே எழுதிவைத்த இடத்தில், இல்லை, எதிர்த்து நின்றார்கள் என்று நாவல் சொல்கிறதே, அதற்காகத்தான் என்பது என் கருத்து.

சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல், பாதியில் நிற்கிறது. அடுத்த ஆண்டு முடிப்போம்.

சந்தா பாக்கி ஏழு பேர். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது நம் பெரம்பூரில். 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தைச் சாதி பிளந்தது, புளியந்தோப்பு எரிந்தது. தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். மாதம் ஒரு வீடு என்று போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். செல்போன் போதும். முதல் வீடு பட்டாளத்தில். அந்த அம்மாவுக்கு வயது 84, வரச் சொல்லியிருக்கிறார்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்