அக்காவுக்கு: டி.சி. வாங்கிவிட்டேன்

அக்கா,

நீ வளர்க்கிற என் மகள், நம் பாப்பாவின் டி.சி.யை (பள்ளி மாற்றுச் சான்றிதழை) வாங்கியது நான்தான். தலைமையாசிரியை உனக்கு போன் செய்வதற்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முதலில் உன்னிடம் சொல்லியிருந்தால் அதை வாங்கியே இருக்க மாட்டேன். நீ சண்டை போட மாட்டாய். தட்டில் சோற்றைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சரிடா, உன் இஷ்டம்" என்பாய். நானும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவேன். போன வருஷம் அப்படித்தான் நடந்தது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அவள் நம் ஊர் விரிஞ்சிபுரத்தில் மூன்றாம் வகுப்பில் சேருவாள். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பகல் வேலை. சம்பளம் குறைவு, ஓ.டி. கிடையாது, நைட் ஷிப்டும் கிடையாது. ரூமைக் காலி செய்து, பாயையும் ஸ்டவ்வையும் பக்கத்து ரூம் பையனுக்குக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று.

இதை ஏன் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று மாமா கேட்பார். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இதை முழுசாகச் சொல்ல முடியாது. எழுதினால்தான் கடைசி வரைக்கும் சொல்வேன். இன்னொன்றும் இருக்கிறது. வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பிப் போகிற அப்பாக்கள் இங்கே நிறைய பேர் படிக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சிலதை எழுத மாட்டேன். எதை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2021 கார்த்திகை தீபத்தை நினைத்துப் பார். அவள் அம்மா இருந்த வீடு தீபத்தன்று இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று முந்தின நாளே பாப்பாவை உன்னிடமிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். நாம் பிறந்ததிலிருந்து பாலாறு என்றால் மணல்தான். அந்த நவம்பர் 19ஆம் தேதி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணீர். ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளத்தில் நம் தரைப்பாலமும் போனது. அந்தப் பக்கம் வடுகந்தாங்கலில் நீ, இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். அன்றைக்கு விடியற்காலையில்தான் பேரணாம்பட்டில் மழைக்கு வீடு இடிந்து 9 பேர் போனார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். நம் வீட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி விளக்கேற்றினேன்.

ராத்திரி அவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கரண்ட் இல்லை. நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. அப்புறம் வாந்தியும் சேர்ந்துகொண்டது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆயா வந்தது. "ஆம்பளை, உனக்கு இன்னாடா தெரியும், இங்க குடு" என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டது. நானும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அப்படி நிற்பதுதான் எனக்குப் பழக்கம். ஆயா வீட்டில் ஒழுகுகிறது என்று கூப்பிட வந்தார்கள், அது எழுந்து போய்விட்டது. பாப்பா மறுபடி என் கைக்கு வந்தாள். அதற்குமேல் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தம்மா டார்ச் வெளிச்சத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் எடுத்துக் கொடுத்து, பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு முழுப் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் கரைக்க வேண்டும், கண்ணளவு கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. மளமளவென்று குடிக்க வைத்தால் வெளியே வந்துவிடும், ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. ஜிங்க் மாத்திரை தினமும் ஒன்று, பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். "அழும்போது கண்ணுல தண்ணி வருதான்னு பாத்துக்கினே இரு. வரலைன்னா, கண்ணு உள்ள போனா, குடிக்கவே மாட்டேன்னா, விடியற வரைக்கும் காத்துனு இருக்காத, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடு."

அந்த ராத்திரி முழுக்க என் வேலை ஒரு ஸ்பூன்தான் அக்கா. அவள் வாயை மூடிக்கொள்வாள், திறக்கும் வரை காத்திருப்பேன். உள்ளே போனதில் பாதி என் சட்டையில் வரும். மறுபடி ஸ்பூன். அவள் முனகினாளே தவிர அழவில்லை. மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணைப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும் என்று எதிர்வீட்டுப் பையனை எழுப்பி ரோட்டுக்கு அனுப்பினேன். அவன் திரும்பி வருவதற்குள், தொடை நனைகிற அளவுக்கு மூத்திரம் போனாள். அந்த ஈரம் பட்டதும் முகத்தைக் கோணி வாயைத் திறந்து ஓவென்று அழுதாள். "அத்தை வேணும். அத்தைகிட்ட போணும்." கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே கண்ணீர். உன்னைக் கேட்டு அழுகிறாள், என்னை நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறாள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அழு பாப்பா, நல்லா அழு, அத்தையைக் கேட்டு அழு" என்று நானும் சேர்ந்து அழுதேன்.

விடிந்ததும் நீ போன் செய்தாய். மாமா வண்டியில் காட்பாடி சுற்றி வந்துவிடுகிறேன் என்றாய். காட்பாடிப் பக்கம் பெரிய பாலம் நின்றுகொண்டுதான் இருந்தது. நான்தான் ரோடு சரியில்லை, வராதே என்றேன். ரோடு சரியில்லாததும் உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. நீ வந்தால் என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொள்வாய். அதற்காகச் சொன்னேன். எத்தனையோ தடவை இதை உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்திருக்கிறேன். இப்போது எழுதும்போது, கேட்க வேண்டாம் என்று தோன்றுகிறது. தண்ணீர் வடியும் வரை கிடைத்த அந்தச் சில நாள்தான் அவள் பிறந்ததற்கப்புறம் நான் முழுசாக அவளுக்கு அப்பாவாக இருந்த நாள். எதைத் தொட்டால் சிணுங்குவாள், எதைச் சொன்னால் வாய் திறப்பாள், தூங்கும்போது எந்தக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைப்பாள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து, நான் கேட்காமலே செருப்புப் போடச் சொல்லி என் பக்கம் காலை நீட்டினாள்.

அப்புறம் நீ வந்தாய். "இளைச்சுப் போயிட்டா பாரு" என்றாய். வாசலிலேயே அவளை வாங்கிக்கொண்டாய். மாத்திரை அட்டையை நீட்டினேன். "பேதிதான் நின்னு போச்சே, இது எதுக்கு?" என்றாய். 14 நாள் கொடுக்கச் சொன்னார்கள் என்றேன். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. நீ மிச்ச மாத்திரையைக் கொடுத்தாயா என்று ஒரு தடவைகூட என்னால் கேட்க முடியவில்லை. என் பெண்ணைப் பற்றி எதைக் கேட்பதானாலும் உன் மனசு நோகுமோ என்று யோசித்து யோசித்துத்தான் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன்.

நம் நைனாவை நினைத்துக்கொள்கிறேன். என்ன படிக்கிறேன் என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை, உன்னிடம்தான் கேட்பார். எனக்குச் சட்டை வேண்டுமென்றாலும் உன்னிடம்தான் சொல்வேன், நீதான் போய் அவரிடம் சொல்வாய். அவர் கோபத்தையும் நீயே வாங்கிக்கொண்டு, பாசத்தையும் நீயே கொண்டுவந்து கொடுத்தாய். அப்போது அது எனக்குப் பெரிய நிழலாக இருந்தது. ஆனால் அவர் போகும் வரை அவரோடு நேராக நாலு வார்த்தை பேச எனக்கு வரவில்லை. இப்போது எனக்கும் பாப்பாவுக்கும் நடுவில் நீ நிற்கிறாய். அதே பாசத்தோடுதான் நிற்கிறாய். போனில்கூட, "அப்பா கேக்கறார், சாப்டியான்னு" என்று நீதான் அவளிடம் கேட்கிறாய். எனக்குக் கேட்கத் தெரியாதா அக்கா?

"அவன் பொறுப்பில்லாதவன், அக்கா தலையில கட்டிட்டான்" என்று பேசினவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாக்களுக்கான பேறுகால விடுப்பை 2017இல் 26 வாரமாக்கினார்கள், அது நியாயம். மத்திய அரசு வேலையில் இருக்கும் அப்பாவுக்கு 15 நாள் உண்டு. பாப்பா பிறந்தபோது தனியார் கம்பெனியில் இருந்த எனக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. லீவு கேட்டதற்கு, "பெத்தது நீயா?" என்று லைனில் எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அவள் அம்மா போன பிறகும் அப்படித்தான். மனைவியை இழந்த மத்திய அரசு ஊழியர், பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் மொத்தம் 730 நாள் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம் என்று 2018இலிருந்து விதி இருக்கிறது. என் கையில் இருந்தது ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஞாயிற்றுக்கிழமையில் பலூன் வாங்கிக் கொடுக்கலாம், பிரியாணி வாங்கிக் கொடுக்கலாம். வீட்டுப்பாடம் எழுதாமல் அடம் பிடிக்கிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு வேண்டியிருந்தது. அது உன்னிடம் இருந்தது.

தத்து கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்ததே, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதை ஆரம்பித்தது நீ இல்லை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு பிள்ளை வரம் கேட்டு நம் கோயில் சிம்மக்குளத்தில் நடுராத்திரி முழுகி, ஈரத்துணியோடு பிரகாரத்தில் நீ படுத்த வருஷங்களை நான் மறக்கவில்லை. மாற்றுப் புடவையை வைத்துக்கொண்டு மதில் ஓரம் விடிய விடிய உட்கார்ந்திருந்தவன் நான்தானே. அதனால்தான் இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன். அதனால்தான் இப்போது எழுதவும் கை நடுங்குகிறது. உன்னிடமிருந்து எதை எடுக்கிறேன் என்று தெரியாமல் எடுக்கவில்லை.

"நாளைக்குப் பெரியவளானா ஒத்தை ஆம்பளை என்ன செய்வே?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். அப்போது நீ வேண்டும். ஆனால் நீ வந்து சேரும் வரை அவள் கதவைச் சாத்திக்கொண்டு பயந்து உட்கார்ந்திருக்கக் கூடாது. என்னிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். அது அன்றைக்குத் திடீரென்று வராது, இப்போதிலிருந்தே பேசிப் பழக வேண்டும். அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறார்கள், கடையில் வாங்கவும் எனக்குக் கூச்சம் இல்லை. இதை அவளே ஒரு நாள் படிப்பாள், இது போதும்.

காலையில் எப்படிச் சமாளிப்பாய் என்கிறாய். பள்ளியிலேயே காலை உணவு இருக்கிறது. "பொண்ணைப் பள்ளிக்கூடத்து உப்புமாவுக்கு விட்டுட்டான்" என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிடப் போகிறாள். இரட்டைச் சடை எனக்கு வருகிறது, வகிடு கொஞ்சம் கோணலாக வரும். பள்ளி விட்டு நான் வரும் வரை எதிர்வீட்டு ஆயா பார்த்துக்கொள்ளும், பேசிவிட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். கூட்டத்துக்கு வருவது பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும்தான். இனி நான் போவேன்.

உன்னிடம் கேட்பது இரண்டு, மூன்றுதான். தடுப்பூசி அட்டையை எடுத்து வை, பத்து வயசில் ஒரு டி.டி. ஊசி இருக்கிறது. அவளுக்குச் சளி பிடித்தால் என்ன செய்வாய், எந்த மருந்து ஆகாது என்று எனக்கு எழுதிக் கொடு. அத்தனையும் உனக்குத்தான் தெரியும், அதை மறைத்துப் பேச எனக்கு வாய் வராது. அப்புறம், அவள் என்னிடம் அடம் பிடித்துவிட்டு உனக்கு போன் செய்தால், உடனே கிளம்பி வராதே. "அப்பாகிட்ட கேளு" என்று சொல். உனக்குக் கஷ்டமாக இருக்கும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் இத்தனை வருஷமாக உன்னிடம் எதிர்பார்க்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நானே வடுகந்தாங்கலுக்குக் கொண்டுவந்து விடுகிறேன். உன் கையால் சாப்பிட்டுத் தூங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், மறுநாள் பள்ளி இருக்கிறது. அதில் மட்டும் என்னோடு பேரம் பேசாதே. மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் தம்பி