மேனேஜர் கிஃப்ட் கார்டு கேட்டால்

ஆசிரியருக்கு வணக்கம்,

என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது, படம் அவள் மேனேஜருடையது, எண் மட்டும் புதுசு. "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, 5,000 ரூபாய் கிஃப்ட் கார்டு நாலு வாங்கி நம்பரை அனுப்பும்மா, சாயங்காலம் பணம் தருகிறேன்." அனுப்பிவிட்டாள். 20,000 ரூபாய் போச்சு. வெட்கத்தில் இரண்டு நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

கார்டின் எண்ணும் ரகசிய பின் (PIN) எண்ணும் கைமாறினால் சில நிமிடங்களிலேயே செலவழித்துவிடுவார்கள், அப்புறம் மீட்பது கஷ்டம். அவசரப்படுத்தி, பேசவும் மறுத்து யாராவது கார்டு கேட்டால், அவருடைய பழைய எண்ணுக்கு முதலில் ஒரு போன் போடுங்கள். ஏமாந்துவிட்டால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், கார்டு விற்ற நிறுவனத்திடமும் சொல்லி முடக்கச் சொல்லுங்கள்.

– வாசகர், மதுரை