தாடைக்குக் கீழே நெறி

அன்புள்ள மகளுக்கு,

"தாடைக்குக் கீழே கட்டி மாதிரி இருக்குப்பா" என்று நேற்று போனில் சொன்னாயே, அப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயந்து அல்ல, சரியாகப் பதில் சொல்லவில்லையே என்றுதான். தொட்டால் வலிக்கிறது, விரலுக்கு வழுக்கி நகர்கிறது என்று நீ சொன்னதுமே பாதி நிம்மதி வந்துவிட்டது. தொண்டை வலியோடு வந்திருப்பதால் அது பெரும்பாலும் நெறிகட்டுதான்.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் பழுத்தபோது உனக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் என்றால் அங்கே, தொண்டையில் என்றால் இங்கே. நெறி என்பது வீங்கிய நிணநீர் முடிச்சுதான், வெள்ளை அணுக்கள் கூடும் சின்ன உருண்டை. இப்படி நூற்றுக்கணக்கான முடிச்சுகள் உடம்பில் உண்டு. தொண்டையில் காவல் இருக்கும் செல்கள் கிருமியின் துண்டைக் கவ்விக்கொண்டு பக்கத்து முடிச்சுக்கு வந்து, அங்கே கூடும் வெள்ளை அணுக்களிடம் காட்டும். ஓர் அணுவுக்கு ஓர் அடையாளம்தான் தெரியும். ஆயிரக்கணக்கான அணுக்கள் பார்த்துவிட்டுப் போகும். பொருந்துகிற ஒன்று அகப்பட்டால் அது இரண்டாகி, நாலாகி, எட்டாகிப் பெருகும். நீ தொட்டுப் பார்த்தது அந்தக் கூட்டத்தை.

புதுக் கிருமி என்றால் இது முடிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை சமாளிப்பது சளியும் வீக்கமும் காய்ச்சலும். அன்று முழங்காலில் வந்த சீழ்கூடக் கிருமியைத் தின்று செத்த வெள்ளை அணுக்கள்தான். காய்ச்சலையும் மூளைதான் ஏற்றுகிறது. 39 டிகிரி வேண்டும் என்று அது முடிவு செய்துவிட்டால், 37-இல் இருக்கும் உடம்புக்குக் குளிரத்தானே செய்யும்? நீ போர்வைக்குள் நடுங்கியது அதனால்தான்.

பெருகிய அணுக்களில் கொஞ்சம் சாகாமல் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும். 1846-இல் வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது பானும் என்ற டென்மார்க் மருத்துவர் போய்ப் பார்த்தார். 1781-இல் அது வந்துபோன முதியவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. 65 வருடம்! சளி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்பாய். சளி பிடிக்கவைக்கும் ரைனோவைரஸில் மட்டுமே 150-க்கு மேல் வகை இருக்கிறது, என்ன செய்ய?

ஆன்டிபயாடிக் வாங்கிப் போடட்டுமா என்றாய். நீயாக வேண்டாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவா இல்லையா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மூச்சு விடவோ எச்சில் விழுங்கவோ சிரமமானால் ராத்திரி என்று பார்க்காமல் உடனே போ. இரண்டு மூன்று வாரத்தில் கரையாவிட்டாலும், கல் போலக் கெட்டிப்பட்டாலும் காட்டிவிடு.

அப்புறம், அதை நிமிடத்துக்கொரு தரம் அமுக்கிப் பார்க்காதே. அமுக்கினால் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் தொட்டுப் பார்த்து எனக்குச் சொல்.

அப்பா