உறுதியில் என் பெயர், காணி தம்பியுடையது

லண்டன், ரொறன்ரோ, சூரிச் ஊர்ச் சங்கங்களில் இருக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு,

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு நான் படிப்பித்த ரீச்சர், சிலருக்கு மச்சாள், ஒருவனுக்கு அக்கா. அந்த ஒருவனுடைய காணிதான் இந்த மடலை எழுத வைத்தது.

தம்பி சுவிஸ் பிரஜை. 2016இல் கல்லடியில் இருபது பேர்ச் வளவு ஒன்று விலைக்கு வந்தது. "அக்கா, உங்கட பேரில எழுதுங்க, பிறகு பார்ப்பம்" என்றான். காசு வங்கி வழியாக இல்லாமல் உண்டியல்காரர் கையால் வந்தது, காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்தேன். அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை. இந்தப் பக்கத்தில் இப்படிப் பெயர் கொடுத்துவிட்டு இருப்பது நான் ஒருத்தி மட்டுமல்ல.

அவன் தன் பெயரிலேயே வாங்கியிருக்கலாமே என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1இல் இருந்தே அது செல்லுபடியாகும். வெளிநாட்டவர் என்றால் வெள்ளைக்காரர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்ததும் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடுகிறது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கும்வரை, குருக்கள்மடத்தில் பிறந்தவரும் கோபன்ஹேகனில் பிறந்தவரும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். முழுக் காசையும் வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாகக் கொண்டுவந்தால் நாலாம் மாடியிலோ அதற்கு மேலோ தொடர்மாடி வீடு வாங்கலாம். கல்லடியில் தென்னைக்கு மேலே வீடு தேடிப் பாருங்கள். 99 வருடம் வரை குத்தகைக்கும் எடுக்கலாம். ஆனால் குத்தகைக் காணியை எங்கள் ஆட்கள் காணியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

உங்களுக்கு உதவக்கூடிய விலக்கு இன்னொன்று இருக்கிறது. தாய் தகப்பன் போல, தனக்குச் சட்டப்படி வாரிசுரிமை உள்ள நெருங்கிய உறவிடம் இருந்து நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ முதுசமாகவோ வருவதை வெளிநாட்டுப் பிரஜையும் பெறலாம். எங்கள் பக்கம் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தானே. அம்மா அப்பா இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதினால் கனடாவில் இருக்கும் மகளுக்கும் அது சேரும். எழுதாமல் போனால்தான் சிக்கல். யாழ்ப்பாணத்தாரின் தனிச் சொத்துச் சட்டமான தேசவழமை நமக்கு இல்லை. பொதுச் சட்டப்படி கணவனோ மனைவியோ உயிரோடு இருந்தால் அவருக்குப் பாதி, மற்றப் பாதி ஆண் பெண் பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். "வீடு தங்கச்சிக்குத்தான்" என்று அப்பா திண்ணையில் இருந்து ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் எடுபடாது. காணி விஷயத்தில் நொத்தாரிசு உறுதி வேண்டும் என்பது 1840இல் இருந்து உள்ள சட்டம்.

இதே கணக்கு எனக்கும் பொருந்தும். நாளைக்கு நான் கண்ணை மூடினால் தம்பியின் வளவில் பாதி என் கணவருக்கு, மீதி என் பிள்ளைகளுக்கு. என் மகன் நல்லவன். மருமகளைப் பற்றி இந்த மடலில் எழுத விருப்பமில்லை. காசு கொடுத்தது தான்தான் என்று தம்பி வழக்குப் போடலாம்தான். சட்டம் விடாதபடியால் அக்கா பேரில் வாங்கினேன் என்று எந்த வாயால் நீதிபதியிடம் சொல்வான்?

நான் ஓய்வூதியக்காரி, சமாளிப்பேன். என்னைப் போலவே அண்ணனுக்குப் பெயர் கொடுத்த ஒரு விதவை இருக்கிறாள். அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத்துக்கு விபரம் எடுக்க வந்தவர்கள் காணி இருக்கிறதா என்று கேட்டபோது, இருக்கிறது என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல் வாசலில் நின்றாளாம்.

விற்றாலும் தலையிடிதான். மூலதன ஆதாய வரி தனி ஆளுக்கு 2025 ஏப்ரலில் இருந்து 15 வீதம், அதற்கு முதல் 10. விற்பவர் என்று கையெழுத்து வைப்பது நான், ஆகவே வரியும் என் தலையில். வங்கி வழியாக முறையான கணக்குக்கு வந்த காசு என்றால் விற்ற பணத்தைத் திரும்ப அனுப்பக் கடதாசி இருக்கும். உண்டியல் காசுக்கு ஏது கடதாசி? அங்கேயும் நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும். சுவிஸில் வெளிநாட்டுக் காணிக்கு நேரே வரி இல்லை, ஆனால் வரி வீதம் பார்க்கும்போது அதையும் சேர்க்கிறார்கள். கனடாவில் வாடகைக்கு விட்ட வெளிநாட்டுச் சொத்துகளின் கொள்விலை ஒரு லட்சம் டொலரைத் தாண்டினால் டி1135 படிவம் நிரப்ப வேண்டும்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது அரச காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாறாது. வெள்ளைத்தாளில் எழுதிக் காசு கொடுத்தவர்கள் அம்பாறைப் பக்கமும் இருக்கிறார்கள், எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். பூட்டிய வீட்டில் ஆள் இருத்தியவர்கள், உங்கள் அனுமதியோடுதான் அவர் இருக்கிறார் என்று ஒரு எழுத்து வாங்கி வையுங்கள். உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் தடையில்லாமல் காணியை ஆண்டுவந்த ஒருவர், ஆட்சியுரிமை கேட்டு நீதிமன்றம் போகலாம்.

கோயில் திருவிழாவுக்கு நீங்கள் சேர்க்கும் காசுக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஒன்றுகூடலில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, காணிச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பேச விடுங்கள். இரட்டைப் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் இனி ஊரில் அக்கா தங்கச்சியைப் பெயர் கேட்காதீர்கள். ஏற்கனவே கேட்டவர்கள் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பத்தைப் போட்டு, அது கிடைத்ததும் வந்து மாற்றி எழுதுங்கள்.

தம்பி, நீயும் வாசிப்பாய் என்று தெரியும். உறுதி என் அலுமாரியில் கூறைச் சீலைக்குக் கீழே இருக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை கிடைத்ததும் வா, நன்கொடையாக எழுதித் தருகிறேன். விலை உறுதியை விட நன்கொடைக்கு முத்திரைத் தீர்வை குறைவு. அந்தக் காசையாவது வங்கியில் அனுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிகுடி