காப்பகங்கள் நிரம்பிவிட்ட நிலையில் பூனைகளுக்குப் புதிய வீடு கிடைக்க ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கைவிடப்பட்ட பூனைகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரித்துத் தத்து கொடுத்துவரும் தன்னார்வலர்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: காப்பகங்களில் இடமில்லாத நிலையில், வளர்ப்புப் பூனைகளையும் குட்டிகளையும் புதிய வீடுகளில் சேர்ப்பதற்கான ஏற்பாடுகள் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்க்க முடியாத பூனையை ஒப்படைக்க வருபவரிடம், ‘இடமில்லை, பிறகு வாருங்கள்’ என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாத நிலையில் காப்பகங்கள் இருக்கின்றன. அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்புகிறவர்களில் சிலர், இரவோடு இரவாகப் பூனையை அட்டைப்பெட்டியில் வைத்துக் காப்பகத்தின் வாசலிலேயே விட்டுச் செல்கிறார்கள். வேறு சிலர் தொலைவில் எங்காவது கொண்டுபோய் விடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்குத் தெருவில் இரை தேடவும் தெரியாது, வண்டிக்கும் நாய்க்கும் ஒதுங்கவும் தெரியாது. புதிய கட்டடம் வேண்டுமென்று கேட்பதற்காக நாங்கள் இம்மனுவை எழுதவில்லை. பூனைகள் காப்பகத்தில் தங்கும் நாட்களைக் குறைக்கவும், முடிந்தவரை காப்பகத்துக்கு வராமலேயே அவை வேறொரு வீட்டுக்குப் போய்ச் சேரவும் துறை வழிசெய்ய வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

காப்பகம் நிரம்புவதற்கு வரும் பூனைகளின் எண்ணிக்கை மட்டுமே காரணமல்ல. ஒவ்வொரு பூனையும் எத்தனை நாள் அங்கே இருக்கிறது என்பதும் அதே அளவுக்குக் காரணம். ஒரு கணக்குக்காக, 30 பூனைகளை வைத்துக்கொள்ளக்கூடிய காப்பகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பூனை சராசரியாக 90 நாட்கள் தங்கினால், அந்தக் காப்பகத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 பூனைகளுக்கு உதவ முடியும். அதையே 30 நாட்களாகக் குறைத்தால், அதே கூண்டுகளையும் அதே பணியாளர்களையும் கொண்டு 360-க்கும் மேற்பட்ட பூனைகளுக்கு உதவ முடியும். தடுப்பூசிக்காக, அறுவைச் சிகிச்சைக்காக, கையெழுத்துக்காக என்று ஒரு பூனை காத்திருக்கும் ஒவ்வொரு நாளும், வாசலில் நிற்கும் இன்னொரு பூனையின் இடம்தான்.

நெடுநாள் தங்குவது பூனையின் உடலையும் கெடுக்கிறது. பூனைகளிடையே பரவலாகக் காணப்படும் ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை தொற்றினால் உடலில் உறங்கிக் கிடந்து, மனஅழுத்தம் மிகும்போது மீண்டும் தலைதூக்கும். கண்ணும் மூக்கும் ஒழுக ஆரம்பித்தால் வாசனை தெரியாமல் பூனை உணவைத் தொடாது. சில நாட்கள் தொடர்ந்து சாப்பிடாத பூனைக்கு, அதிலும் பருமனான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். புதிதாக வந்த பூனை கூண்டின் மூலையில், மலஜலம் கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதைக் காப்பகத்துக்குச் செல்லும் யாரும் பார்க்கலாம். அந்தக் கூண்டில் தன் மணம் வீசும் ஒரே இடம் அதுதான் என்பதாலும், அதன் விளிம்பு கொஞ்சம் மறைப்பாக இருப்பதாலும் அது அங்கே போய் ஒடுங்குகிறது. தத்தெடுக்க வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ‘இது பழகாத பூனை’ என்று முடிவுகட்டி அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அதே பூனையை ஒரு வீட்டின் அமைதியான அறையில் விட்டால், முதல் நாள் கட்டிலடியில் கிடந்தாலும், சில நாட்களில் தானாகவே வெளியே வந்து காலில் உரசுவதை நாங்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறோம். கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியை வைத்தாலே பூனையின் பதற்றம் விரைவில் தணிகிறது என்று நெதர்லாந்தில் 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. செலவில்லாத இந்த ஏற்பாட்டை எல்லாக் காப்பகங்களிலும் உடனே கட்டாயமாக்கலாம்.

குட்டிகளின் நிலை இன்னும் அவசரமானது. பெண் பூனை 4 மாத வயதிலேயே பருவத்துக்கு வரக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரங்கள்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினையாகவும் செய்யும். குட்டி மனிதர்களிடம் அச்சமின்றிப் பழகக் கற்றுக்கொள்ளும் காலமோ மிகக் குறுகியது. ஏறத்தாழ 2 வார வயதிலிருந்து 7 வார வயதுவரைதான். அந்த வாரங்களைக் கூண்டில் கழித்த குட்டிக்கு வீடு கிடைப்பது கடினம். தடுப்பூசி முழுமையடையாத குட்டிகளைப் பல பூனைகள் புழங்கும் இடத்தில் வைத்தால், பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கு ஒரே வாரத்தில் மொத்த ஈற்றையும் இழக்க நேரிடலாம். ஆகவே தாய்ப்பூனையும் அதன் குட்டிகளும் காப்பகத்தில் தங்காமல் நேரே தற்காலிக வளர்ப்பு வீடுகளுக்குச் செல்ல வேண்டும். உடல்நலத்தோடு ஏறத்தாழ ஒரு கிலோ எடையை எட்டிய குட்டிக்கு 8 வார வயதிலேயே பாதுகாப்பாகக் கருத்தடை செய்யலாம். ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருப்பதால் தத்து கொடுப்பது தாமதமாகிறது, கருத்தடை செய்யாமல் கொடுத்த குட்டியோ சில மாதங்களில் தானே குட்டி போட்டுவிடுகிறது. இளவயதுக் கருத்தடையில் அரசு கால்நடை மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்குமாறும், கருத்தடை முடிந்த பிறகே தத்து என்பதை விதியாக்குமாறும் வேண்டுகிறோம்.

எங்கள் பார்வையில் மிக முக்கியமானது, பூனையை அதன் வீட்டிலிருந்தே இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிடும் வழிதான். ஒப்படைக்க வருபவர்கள் எல்லாரும் இரக்கமற்றவர்கள் அல்லர். வீடு மாறுகிறார்கள், வேலை போய்விட்டது, முதியவர் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டார் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் உண்மையானவை. அவர்களில் பலர், உதவி உறுதி என்று தெரிந்தால், இன்னும் இரண்டு மூன்று வாரம் பூனையைத் தங்களிடமே வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். துறையே ஒரு பொதுப் பதிவேட்டைத் தொடங்கி, பூனையின் படம், வயது, கருத்தடை, தடுப்பூசி விவரம், அது குழந்தைகளோடும் நாய்களோடும் பழகுமா என்ற குறிப்பு ஆகியவற்றை வெளியிட்டால், தத்தெடுக்க விரும்புபவர் அந்த வீட்டுக்கே சென்று பூனையைப் பார்க்கலாம். அதன் சுபாவத்தை நன்கு அறிந்தவர் பேச, அதைக் கேட்டு எடுக்கும் முடிவு நிலைக்கும்.

ஒப்படைக்கும் முடிவே தேவையில்லாத நேர்வுகளும் உண்டு. வீட்டில் ஒருவர் கருவுற்றதும், வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியின் தொற்றுக்கு அஞ்சிப் பூனையை அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பூனையின் மலத்தில் வெளியாகும் அந்தக் கிருமி தொற்றும் நிலையை அடைய குறைந்தது ஒரு நாளாவது ஆகும் என்பதால், மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்வதே சிறந்த பாதுகாப்பு. கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது என்று கொண்டுவரப்படும் பூனைக்குச் சிறுநீர்ப்பை நோய் இருக்கலாம். சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கும் கடுவனை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லாவிட்டால் ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும். இவற்றையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒரு தொலைபேசி ஆலோசனைச் சேவை இருந்தால், காப்பக வாசலுக்கு வரும் பூனைகளில் ஒரு பகுதி தன் வீட்டிலேயே இருந்துவிடும்.

தற்காலிக வளர்ப்பு வீடுகளுக்கு இன்று எந்த அங்கீகாரமும் இல்லை. மருந்தும் தடுப்பூசியும் எங்கள் கைச்செலவு. நோயுற்ற குட்டியோடு நடு இரவில் யாரை அழைப்பது என்றும் தெரிவதில்லை. பதிவு செய்த வளர்ப்பு வீடுகளுக்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்க மருந்து, கருத்தடை ஆகியவற்றை அரசு கால்நடை மருத்துவமனைகளிலேயே வழங்கினால், முன்வரத் தயங்கும் பல குடும்பங்கள் முன்வரும். வயதான பூனைகளையும், பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் எஃப்ஐவி என்ற வைரஸ் தொற்றுள்ள பூனைகளையும் தத்தெடுக்கத் தகுதியற்றவை என்று ஒதுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். அத்தொற்று மனிதருக்குப் பரவாது, பூனைகளுக்குள்ளும் பெரும்பாலும் ஆழமான கடிக்காயம் வழியாகவே பரவும், வேறு பூனை இல்லாத வீட்டில் அவை பல ஆண்டுகள் நலமாக வாழும்.

மனிதர் கைக்கு அடங்காத தெருப்பூனைகளைக் காப்பகத்தில் அடைப்பதால் அவற்றுக்கும் நன்மையில்லை, வீட்டுப் பூனைக்கான இடமும் போய்விடுகிறது. அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது போதும்.

இவற்றுள் பொதுப் பதிவேட்டையும் வளர்ப்பு வீடுகளின் பதிவையும் முதலில் தொடங்குமாறு வேண்டுகிறோம். இரண்டுக்கும் கட்டடம் தேவையில்லை. வளர்ப்பு வீடாகச் செயல்பட ஒப்புக்கொண்டவர்களின் பட்டியலையும், நாங்கள் பயன்படுத்திவரும் தத்து ஒப்பந்தப் படிவத்தையும் நேரில் ஒப்படைக்க விரும்புகிறோம். அதற்கு வசதியான ஒரு நாளைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தற்காலிக வளர்ப்புத் தன்னார்வலர்கள்